ராயல்டி ஃப்ரீ பின்னணி இசை விற்பனை: டிராக் உருவாக்குவது முதல் கிளெய்ம் தீர்ப்பது வரை

ராயல்டி ஃப்ரீ என்றால் இலவசம் என்று நினைத்துக்கொள்பவர்கள் வாங்குபவர்களில் மட்டுமல்ல, விற்பவர்களிலும் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் ஒருமுறை பணம் கட்டிவிட்டால், உரிமத்தில் சொன்ன வரம்புக்குள் எத்தனை முறை ஓட்டினாலும் மறுபடி உங்களுக்குப் பணம் தர வேண்டியதில்லை. அவ்வளவுதான் அந்தச் சொல்லின் பொருள். காப்புரிமை உங்களிடமே இருக்கிறது. அதே டிராக்கை நாளைக்கே இன்னொருவருக்கும் விற்கலாம்.

தொழில் ஒன்றும் புதிதல்ல. 1909-இல் லண்டனில் தொடங்கிய டி வுல்ஃப் நிறுவனம் மௌனப் படங்களுக்கு வாசிக்க ஆயத்த இசைக்குறிப்புகள் கொடுத்தது; முன்கூட்டியே உருவாக்கி வைத்து உரிமம் கொடுக்கும் நூலக இசைக்கு அதுதான் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று. அன்றும் சரி, இன்றும் சரி, வாங்குபவர் தேடி வருவது "எங்கேயும் கேட்டிராத மெட்டு" அல்ல. இந்த இசையைப் போட்டால் பின்னால் யாரும் வந்து கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற உறுதியைத்தான் அவர் காசு கொடுத்து வாங்குகிறார். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் காகித வேலையாகவே இருக்கும்.

முதல் வேலை: உரிமை உங்களுடையதுதானா?

ஒரு டிராக்கில் இரண்டு காப்புரிமைகள் உண்டு. ஒன்று இசைக்கோவைக்கு, அதாவது மெட்டுக்கும் அதன் அமைப்புக்கும். மற்றொன்று ஒலிப்பதிவுக்கு, தொழிலில் இதை மாஸ்டர் என்பார்கள். வீடியோவில் இசையைச் சேர்க்க இரண்டுக்குமே அனுமதி வேண்டும்: முதலாவதற்கு சிங்க் உரிமம், இரண்டாவதற்கு மாஸ்டர் உரிமம். ராயல்டி ஃப்ரீ உரிமம் இரண்டையும் ஒரே தாளில் கொடுக்கிறது. ஆகவே விற்பவர் கையில் இரண்டும் முழுதாக இருந்தே ஆக வேண்டும்.

பீத்தோவனின் மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இறந்தது 1827-இல். இசைக்கோவை பொதுவுடைமை. ஆனால் போன வருடம் ஓர் இசைக்குழு அதை வாசித்துப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவு பொதுவுடைமை அல்ல. நீங்களே வாசித்தாலோ கணினியில் மிடி மூலம் புரோகிராம் செய்தாலோ பிரச்சினை இல்லை. அதற்கும் சமீபத்தில் யாராவது எழுதிய அரேஞ்ச்மென்டை (வாத்தியங்களுக்கான புது அமைப்பை) பார்த்து வாசிக்கக் கூடாது, ஏனென்றால் அரேஞ்ச்மென்டுக்கும் தனிக் காப்புரிமை உண்டு.

இனி ப்ராஜெக்ட் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு சேனலாக "இந்த ஒலி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் பின்னால் வரும் தகராறுகளில் பெரும்பகுதி இங்கேதான் முளைக்கிறது.

ஆயத்த ஒலித் துண்டுகளின் தொகுப்பான சாம்பிள் லைப்ரரி பயன்படுத்தியிருந்தால் அதன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலானவை உங்கள் இசையில் கலந்து வெளியிட அனுமதிக்கும். ஒலியைத் தனியாக விநியோகிக்கத் தடை விதிக்கும். சில ஒப்பந்தங்கள் நூலக இசைக்கென்றே தனி நிபந்தனை வைத்திருக்கும். பலர் மாட்டிக்கொள்வது ஸ்டெம் (வாத்தியவாரியாகப் பிரித்த தனிக் கோப்பு) கொடுக்கும்போது. முழு டிராக்கில் கலந்திருந்த டிரம் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சிறு ஒலித்துண்டு), டிரம் ஸ்டெமில் தன்னந்தனியாக ஒலிக்கிறது. வாங்கிய லூப்பை அப்படியே கைமாற்றி விற்றதாக ஆகிவிடும். லூப்பை நறுக்கி, வேறு தாள வாத்தியங்களோடு கலந்து ஒரே ஸ்டெமாக எடுங்கள். இல்லையென்றால் அந்த டிராக்குக்கு ஸ்டெம் தராதீர்கள்.

கிடார், புல்லாங்குழல் என்று வேறொருவர் வாசித்திருந்தால் அவரிடம் எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பக்கம் போதும்: டிராக்கின் பெயர், வாசித்த தேதி, கொடுத்த தொகை, வாசிப்பின் மேலுள்ள உரிமைகள் அனைத்தையும் காலவரையின்றி எல்லா நாடுகளுக்கும் உங்களுக்கு மாற்றித் தருகிறார் என்ற வாசகம். நண்பர்தானே என்று விட்டுவிட்டால், டிராக் நன்றாக விற்கத் தொடங்கிய பிறகு அந்தக் கையெழுத்து கிடைப்பது கடினம். இருவர் சேர்ந்து மெட்டமைத்திருந்தால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதும் ஸ்ப்ளிட் ஷீட்டும் அன்றைக்கே போட்டுவிட வேண்டும். கூட்டினால் 100 வர வேண்டும். சிரிக்க வேண்டாம், 110 வரும் தாள்களும் உண்டு.

செயற்கை நுண்ணறிவுக் கருவி முழுதாக உருவாக்கிக் கொடுத்த இசையை உங்களுடையது என்று விற்பது ஆபத்து. மனிதப் படைப்பாற்றல் இல்லாத பகுதிக்குக் காப்புரிமை இல்லை என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. காப்புரிமையே இல்லாத பொருளுக்கு எந்த உரிமத்தை எழுதிக் கொடுப்பது?

இரண்டாவது வேலை: எடிட்டரின் மேசையை மனதில் வைத்து இசையமைப்பது

உங்கள் இசையை முதலில் கையாளப்போவது ரசிகர் அல்ல, வீடியோ எடிட்டர். அவர் டைம்லைனில் போட்டு, பேசும் குரலுக்கு அடியில் 15 முதல் 20 டெசிபல் வரை இறக்கி, நடுவில் வெட்டி ஒட்டுவார். அதற்கு இடம் கொடுக்காத டிராக் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கப்படாது.

முழு டிராக் 2 முதல் 3 நிமிடம் இருந்தால் தாராளம். தொடக்கத்தில் 30 விநாடிக்கு மெல்ல மெல்ல எழும் முன்னுரை வேண்டாம். முன்னோட்டத்தில் பலரும் முதல் 10 விநாடி கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். 8 அல்லது 16 பார்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) ஒருமுறை தெளிவான மாற்றம் வையுங்கள். அந்த இடங்களில் அரை பீட்டாவது சுவாச இடைவெளி இருந்தால் எடிட்டர் அங்கே சுத்தமாக வெட்டுவார். நடுவில் ஸ்ருதியை மாற்றினால், முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் ஒட்டும்போது காதில் இடிக்கும். பின்னணி இசையில் ஸ்ருதி மாற்றம் பெரும்பாலும் வீண் சாகசம். முடிவு மெல்ல மங்கும் ஃபேட் அவுட்டாக இல்லாமல் ஓர் இறுதி அடியோடு இருக்கட்டும். ஃபேட் வேண்டுமென்றால் எடிட்டரே போட்டுக்கொள்வார்.

பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. லீட் வாத்தியத்தை அங்கே விடாமல் ஓட்டினால் குரலோடு மோதும். மெலடி இல்லாத வடிவம் ஒன்றைத் தனியாகக் கொடுப்பது இதற்காகத்தான். மாஸ்டரை நசுக்கிச் சத்தம் ஏற்றுவதாலும் பயனில்லை. யூடியூப் ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேலே இருப்பதை இறக்கிவிடும். ஐரோப்பிய ஒளிபரப்புத் தரமான ஆர்128 கேட்பதோ மைனஸ் 23. ட்ரூ பீக்கை, அதாவது ஒலியின் உச்ச அளவை, மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தினால் எம்பி3 ஆக மாற்றும்போது ஒலி பிசிறடிக்கும் அபாயம் குறையும்.

மூன்றாவது வேலை: வெட்டுகள்

விளம்பரங்களுக்கு 60, 30, 15 விநாடி வடிவங்கள் வேண்டும். முழு டிராக்கை 30-ஆம் விநாடியில் கத்தரிப்பது வெட்டு ஆகாது. கணக்குப் போட வேண்டும். நான்கு பீட் தாளத்தில் 240-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற பிபிஎம் எண்ணால்) வகுத்தால் ஒரு பாரின் நீளம் விநாடியில் கிடைக்கும். 120 பிபிஎம் என்றால் ஒரு பார் 2 விநாடி. 14 பார் 28 விநாடி. 15-ஆவது பாரின் முதல் பீட்டில் இறுதி அடி. அதன் அதிர்வு ஒன்றரை விநாடியில் அடங்கினால் 29.5-இல் முடிந்துவிடும். 96 பிபிஎம் என்றால் ஒரு பார் 2.5 விநாடி, 11 பாரில் 27.5.

128 பிபிஎம்மில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 16 பார் சரியாக 30 விநாடி வருகிறது. அழகாக இருக்கிறதே என்று 16 பாரையும் நிரப்பிவிட்டால் இறுதி அடிக்கும் எதிரொலிக்கும் இடமே இல்லை. 30-ஆவது விநாடியில் பட்டென்று அறுந்துபோகும். 15 பாரில் 28.1 விநாடி, பிறகு அடி. அதுதான் சரி. 15 விநாடி வெட்டுக்கும் இதே கதை: 120 பிபிஎம்மில் 7 பார் போட்டால் அதிர்வுக்கு ஒரே விநாடிதான் மிஞ்சும், 6 பாரோடு நிறுத்துங்கள்.

லூப் கேம்களுக்கும் செயலிகளுக்கும் போகும். 8 பாரை அப்படியே எக்ஸ்போர்ட் செய்தால் கடைசி சுரத்தின் ரிவெர்ப் (எதிரொலி) வால் அறுந்து, திரும்பத் தொடங்கும் இடத்தில் ஒரு வெறுமை கேட்கும். அதே 8 பாரை இரண்டு முறை அடுத்தடுத்து ஓடவிட்டு எக்ஸ்போர்ட் செய்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் இரண்டாவதின் தொடக்கத்தில் கலந்திருக்கும், இணைப்பு தெரியாது. லூப்பை எம்பி3 ஆகக் கொடுக்காதீர்கள். அந்த வடிவத்தில் என்கோடர் முன்னும் பின்னும் சில மில்லி விநாடி மௌனத்தைச் சேர்த்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் கேட்கும்.

ஸ்டெம்களைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எல்லா ஸ்டெம்களையும் புது ப்ராஜெக்டில் சத்தத்தைக் கூட்டாமல் குறைக்காமல் (0 டெசிபலில்) அடுக்கி, முழு மிக்ஸைத் தலைகீழ் ஃபேஸில் (ஒலி அலையைப் புரட்டி) சேர்த்து ஓட்டுங்கள். மௌனம் வந்தால் சரி. சத்தம் மிஞ்சினால் பெரும்பாலும் மாஸ்டர் சேனலில் உள்ள, சத்தத்தின் உச்சத்தை அடக்கும் லிமிட்டர்தான் காரணம்: முழு மிக்ஸில் ஒரு மாதிரியும், தனி ஸ்டெமில் வேறு மாதிரியும் வேலை செய்திருக்கும். ஸ்டெம் எடுக்கும்போது லிமிட்டரை அணைத்துவிட்டு, அதே நிலையில் ஒரு முழு மிக்ஸும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ வேவ். நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 எம்பி ஆகும். இரண்டரை நிமிட டிராக்கும் ஆறு ஸ்டெம்களும் சேர்ந்தால் 300 எம்பியை நெருங்கும். சொந்தத் தளத்தில் விற்பவர்கள் சேமிப்புக்கும் டவுன்லோடுக்கும் ஆகும் செலவை இதை வைத்துக் கணக்கிடலாம்.

மெட்டாடேட்டா

டிராக்கோடு சேர்த்துத் தரும் விவரங்கள்தான் மெட்டாடேட்டா. சுருக்கமாகச் சொல்லலாம். "உத்வேகம்", "கார்ப்பரேட்" போன்ற தலைப்புகளில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான டிராக்குகள் கிடக்கின்றன. தலைப்பு தனித்துவமாகவும், குறிச்சொற்கள் உண்மையாகவும் இருக்கட்டும். உணர்வு, வேகம், முன்னணி வாத்தியம், பயன்படும் இடம், பிபிஎம், ஸ்ருதி ஆகியவை போதும். சோகமான பியானோவுக்கு "மகிழ்ச்சி" என்று குறிச்சொல் போட்டால் தேடலில் வரும், விற்காது. ஒலிப்பதிவுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சி 12 எழுத்துகள் கொண்டது. ஒரு பதிவுக்கு ஒன்று. 30 விநாடி வெட்டும் தனிப் பதிவுதான், அதற்குத் தனி எண் வேண்டும்.

எங்கே விற்பது

சந்தைத் தளங்களில் ஒவ்வொரு விற்பனைக்கும் பங்கு கிடைக்கும். எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தம் போட்டால் சதவீதம் கூடும், ஆனால் அந்த டிராக்கை வேறெங்கும் வைக்க முடியாது. கணக்கு எளிது: எக்ஸ்க்ளூசிவாக 50 சதவீதம், இல்லாவிட்டால் 30 என்று வைத்துக்கொண்டால், அங்கே 3 விற்பதும் பல தளங்களில் சேர்த்து 5 விற்பதும் ஒன்றுதான். ஒப்பந்தத்தில் எக்ஸ்க்ளூசிவ் என்பது அந்த டிராக்குக்கா, உங்களுக்கே மொத்தமாகவா என்று பாருங்கள். இரண்டாவது வகையில் கையெழுத்துப் போட்டால் இனி நீங்கள் உருவாக்கும் எல்லாமே அந்த ஒரு கடைக்குத்தான்.

சந்தா முறையில் மொத்தச் சந்தாப் பணம் ஒரு பானையில் சேர்ந்து, டவுன்லோடுக்கோ பயன்பாட்டுக்கோ ஏற்பப் பிரிக்கப்படும். ஒரு டவுன்லோடின் மதிப்பு மாதத்துக்கு மாதம் மாறும். மூன்றாவது வகை, மொத்தமாக விலை பேசி உரிமையையே வாங்கிக்கொள்ளும் நிறுவனங்கள். கையில் உடனே பணம் வரும், டிராக் திரும்பி வராது. இந்த வகையில் சிறந்த டிராக்குகளைக் கொடுப்பதை எங்கள் அனுபவம் ஆதரிக்கவில்லை, நடுத்தரமானவற்றுக்குப் பொருந்தும்.

ஒரே டிராக்கை வேறு பெயரில் பதிவு செய்துகொள்ளும் நூலகங்களும் உண்டு. பெயரை மாற்றலாம், ஒலிக்கைரேகை (ஒலியை அடையாளம் காட்டும் தனித் தடம்) மாறாது. தானியங்கி அடையாளங்காணும் கருவிகளுக்கு இரண்டும் ஒன்றே. யாருக்குப் பணம் என்பதில் குழப்பம் வரும். தவிர்ப்பது நல்லது.

எந்தக் கடையானாலும் ஒப்பந்தத்தின் காலம், வெளியேறும் வழி இரண்டையும் முதலில் தேடுங்கள். அமெரிக்கத் தளம் என்றால் வரிப் படிவத்தை நிரப்பாமல் விடாதீர்கள்; அங்கே வெளிநாட்டவரின் ராயல்டியில் இயல்பாக 30 சதவீதம் பிடிப்பார்கள், வரி உடன்பாடு உள்ள நாட்டவருக்கு அது குறையக்கூடும்.

உரிமத்தை எழுதுதல்

சொந்தத் தளத்தில் விற்றால் உரிமம் உங்கள் கையெழுத்து. நீளமாக இருக்க வேண்டியதில்லை, ஓட்டையில்லாமல் இருந்தால் போதும்.

யாருக்கு, எந்த டிராக், எத்தனை ப்ராஜெக்டுகளுக்கு, எந்த ஊடகத்தில், எவ்வளவு காலம், எந்த நாடுகளில்: இந்த ஆறும் தெளிவாக இருக்கட்டும். விலைப்படிகளைப் பயன்பாட்டின் அளவை வைத்துப் பிரிப்பதுதான் வழக்கம். இணைய வீடியோ ஒரு படி. செயலி, கேம் பிரதிகளின் எண்ணிக்கை ஒரு படி. தொலைக்காட்சி, திரையரங்கு இன்னொரு படி. வாங்குபவர் ஏஜென்சி என்றால் உரிமம் அவருக்கா, அவருடைய வாடிக்கையாளருக்கா என்பதையும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் இருவரும் தமக்கே என்பார்கள்.

தடைகளில் மூன்று கட்டாயம். இசையைத் தனியாக மறுவிற்பனை செய்யக் கூடாது. அதன்மேல் பாடி, சொந்தப் பாடலாக வெளியிடக் கூடாது. எந்த வடிவிலும் அதை யூடியூபின் கன்டென்ட் ஐடி போன்ற அடையாளங்காணும் அமைப்புகளில் பதிவு செய்யக் கூடாது. மூன்றாவதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கீழே வருகிறது.

விளம்பரத்துக்காகச் சில டிராக்குகளை கிரியேட்டிவ் காமன்ஸில் விடுபவர்கள் இரண்டு விஷயங்களை அறிந்திருக்க வேண்டும். ஒன்று, அந்த உரிமத்தை ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. இரண்டு, நகரும் படத்தோடு நேரம் பொருத்தி இசையைச் சேர்ப்பதையே அந்த உரிமங்கள் தழுவலாகக் கருதுகின்றன. தழுவலுக்குத் தடையுள்ள உரிமத்தில் விட்டால், வீடியோவில் சேர்த்து வெளியிட யாருக்கும் அனுமதி இல்லை. பின்னணி இசைக்கு அந்த உரிமம் அர்த்தமற்றது.

உரிமைச் சங்கங்கள்

தொலைக்காட்சியில் உங்கள் இசை ஒலிக்கும்போது பொது நிகழ்த்துரிமைக்கான (பொதுவில் இசையை ஒலிக்கவிடும் உரிமைக்கான) பணத்தை ஒளிபரப்பு நிலையம், இசையமைப்பாளர்கள் சார்பில் வசூலிக்கும் உரிமைச் சங்கத்துக்குக் கட்டும். வீடியோ தயாரித்தவர் கட்டுவதில்லை. அதனால் டிராக் ராயல்டி ஃப்ரீயாக விற்கப்பட்டிருந்தாலும் இந்த வருமானம் வரலாம். அதற்கு க்யூ ஷீட் வேண்டும்: டிராக்கின் பெயர், இசையமைப்பாளர், வெளியீட்டாளர், அவர்களுடைய சங்கமும் எண்ணும், ஒலித்த விநாடிகள், பின்னணியா முகப்பா என்ற குறிப்பு. காலிப் படிவத்தில் உங்கள் விவரங்களை நிரப்பி, விற்பனையோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள். தயாரிப்பாளரைத் தேடி நிரப்பச் சொன்னால் நடக்காது.

சேர்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அமெரிக்காவின் ஆஸ்காப், பிஎம்ஐ போன்றவற்றில் உறுப்பினர் நேரடியாகவும் உரிமம் கொடுக்கலாம். பிரிட்டனின் பிஆர்எஸ் போன்ற சங்கங்களில் சேரும்போது நிகழ்த்துரிமையையே சங்கத்துக்கு மாற்றிக் கொடுக்கிறீர்கள். பிறகு கடைகளில் ஒலிக்கும் இசைக்கு "யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம்" என்று வாக்குக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அப்படி எழுதிக் கொடுத்த கடைக்காரர் வாசலில் சங்கத்தின் பில் வந்து நிற்கும். சில நூலகங்கள் சங்க உறுப்பினர்களை ஏற்காததும் இதனால்தான்.

கன்டென்ட் ஐடி

யூடியூப் இதை 2007-இல் தொடங்கியது. ஒலிக்கைரேகையை வைத்து, பதிவான இசை எந்த வீடியோவில் வந்தாலும் கண்டுபிடித்து, பதிவு செய்தவர் சார்பில் உரிமை கோரும் கிளெய்ம் போடும். கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்மில் பெரும்பாலும் விளம்பர வருமானம் கைமாறும், சேனலுக்குத் தண்டனை இல்லை. ஸ்ட்ரைக் என்பது நீக்கக் கோரிக்கையால் வருவது. 90 நாளில் மூன்று வந்தால் சேனல் மூடப்படலாம். பதறி அழைக்கும் வாடிக்கையாளரிடம் முதலில் இதைச் சொன்னாலே பாதி அமைதியாகிவிடுவார்.

விபத்து வழக்கமாக இப்படித்தான் நடக்கும். இசையமைப்பாளர் அதே டிராக்கை ஸ்ட்ரீமிங்கிலும் வெளியிட விநியோகஸ்தரிடம் கொடுக்கிறார். படிவத்தில் கன்டென்ட் ஐடிக்கான பெட்டியில் டிக் இருப்பதைக் கவனிக்கவில்லை. மறுவாரம் அவரிடம் காசு கொடுத்து வாங்கிய அத்தனை பேருக்கும் கிளெய்ம் போகிறது. வாடிக்கையாளர் ஒருவர் டிராக்கின்மேல் பாடி, பாடலாகப் பதிவு செய்துவிட்டாலும் இதே கதிதான். பலருக்கும் கிடைக்கும் ரெடிமேட் லூப் டிராக்கில் இருந்தால், அதே லூப்பை வைத்து வேறு யாரோ பதிவு செய்த இசையோடும் மோதும். அத்தகைய பொருளை கன்டென்ட் ஐடியில் சேர்க்க விதிகளே அனுமதிப்பதில்லை.

பதிவு செய்யவே கூடாது என்பதில்லை. திருட்டுப் பயன்பாட்டைப் பிடிக்க அது உதவும். ஆனால் பதிவு செய்தால் வாங்கியவரின் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கும் வசதி உங்களிடம் இருக்க வேண்டும். கிளெய்ம் வந்தால் ஒரு நாளுக்குள் விடுவிக்கவும் ஆள் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பெட்டியில் டிக்கை எடுத்துவிடுங்கள்.

தவறான கிளெய்ம் வந்த வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டியது: உரிமச் சான்றின் நகல், டிராக்கின் பெயர், ஆர்டர் எண், உரிமையாளர் நீங்கள் என்ற ஒரு வரி. அவர் அதை வைத்து டிஸ்பியூட் (ஆட்சேபம்) செய்யலாம். 5 நாளுக்குள் செய்தால் கிளெய்ம் விழுந்த முதல் நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். தாமதித்தால் டிஸ்பியூட் செய்த நாளிலிருந்துதான். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அதனால் வீடியோவை முதலில் பிரைவேட்டாக ஏற்றி, கிளெய்ம் ஏதும் வருகிறதா என்று பார்த்து, தீர்த்த பிறகே வெளியிடச் சொல்லுங்கள். இந்த ஆலோசனையைச் சான்றிதழின் கீழேயே இரண்டு வரியாக அச்சிட்டு அனுப்பினால் உங்களுக்கு வரும் மின்னஞ்சல்கள் கணிசமாகக் குறையும்.